உள்ளரங்கத்துக்குள் சைக்கிள் டிராக் தேவையா?

மார்ச் 2. கேள்வி

பெரிய உள்ளரங்கம் ஒன்று கட்டினால் கூடைப்பந்து ஆடலாம், இறகுப்பந்து ஆடலாம், கச்சேரி வைக்கலாம். அதற்குள் 250 மீட்டருக்கு மரத்தில் ஒரு சைக்கிள் டிராக்கைச் சுற்றிப் போட்டுவிட்டால், இருபது முப்பது பேர் ஓட்டுவதற்காக ஆயிரக்கணக்கான இருக்கைகளின் இடம் போகிறது. கூடைப்பந்து பார்க்க வந்தவர் களத்தை விட்டு எங்கோ தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. இது வீண் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். இப்படி ஓர் அரங்கில் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாலையில் புதியவர்களுக்கான வகுப்பிலும் கூடமாட உதவுகிறேன். அதனால் பதில் ஒரே நாளில் முடியாது.

முதலில் அளவைப் பாருங்கள். 250 மீட்டர் டிராக்கின் வெளிவிளிம்பு ஏறக்குறைய 105 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகலம். ஓட்டும் பரப்பு மட்டும் 7 மீட்டர் அகலம். நடுவில் மிஞ்சும் தரை சுமாராக 90க்கு 45 மீட்டர். ஹேண்ட்பால் களம் 40க்கு 20, கூடைப்பந்துக் களம் 28க்கு 15. இரண்டையும் அருகருகே போட்ட பிறகும் இரண்டு முனைகளிலும் அரைவட்டமாக இடம் கிடக்கும். அங்கே மேசைப்பந்து ஆடலாம், எடைப் பயிற்சி வைக்கலாம்.

இருக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பார்ப்பவர் டிராக்குக்கு வெளியேதான் உட்கார வேண்டும், நடுவில் நடக்கும் ஆட்டம் தூரத்தில்தான் தெரியும். ஆனால் அரங்கம் திறந்திருக்கும் நாட்களில் பெரும்பாலானவற்றில் அங்கே பார்வையாளரே கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் ஆட வருகிறவர்கள்.

மார்ச் 3

"டிராக்கைச் சமதளமாகப் போட்டால் மற்ற நேரத்தில் அதன்மேல் நாற்காலி போடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியாது. 250 மீட்டர் டிராக்கின் வளைவுகள் 42 முதல் 45 டிகிரி வரை சாய்ந்திருக்கும். நேர்ப்பகுதியிலும் 12 டிகிரிக்கு மேல் சாய்வு உண்டு. அந்தச் சாய்வு வேகத்தில் இருந்து வருகிறது. வளைவின் ஆரம் 22 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரிச் சாய்வில் மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பக்கவாட்டில் எந்த இழுப்பும் இல்லாமல் சக்கரம் பலகைக்கு நேர்செங்குத்தாக அழுத்தும். போட்டியில் அதைவிட வேகமாகவே போகிறார்கள். சமதளத்தில் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க டயருக்கும் மரத்துக்கும் இடையிலான பிடிமானம் போதவே போதாது.

மெதுவாகப் போனாலும் ஆபத்துதான். மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே வளைவில் மேலே ஏறாதே என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வோம். அங்கே வேகம் குறைந்தால் டயர் வழுக்கிக் கீழே சறுக்கிவிடும். பயந்தவுடன் மிதிப்பதை நிறுத்தத்தான் எல்லாருக்கும் கை கால் வரும். டிராக் சைக்கிளில் பிரேக்கும் இல்லை, மிதிக்காமல் உருளவும் முடியாது. பெடல் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பயம் வரும்போது இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும் என்பதை உடம்பு ஏற்றுக்கொள்ளச் சில வகுப்புகள் பிடிக்கும். ஏற்றுக்கொண்ட அன்று அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

மார்ச் 3, பிற்பகல்

கோடுகளைப் பற்றிக் கேட்டவருக்கு: 250 மீட்டர் என்பதைக் கருப்புக் கோட்டில் அளக்கிறார்கள். சிவப்புக் கோடு விரைவோட்டக்காரர்களுக்கானது. முன்னால் போகிறவர் அதற்குக் கீழே தன் கடைசிப் பாய்ச்சலைத் தொடங்கிவிட்டால் அவரை உள்பக்கமாக முந்தக் கூடாது. அதற்கும் மேலே நீலக் கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் வெளிர்நீலப் பட்டை ஓட்டும் பாதையில் சேராது. ஏறவும் இறங்கவும்தான்.

மார்ச் 6

கேள்வியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: பல்நோக்கு அரங்கம் என்று ஒன்று முதலில் இருந்தது, பிறகு யாரோ அதற்குள் டிராக்கைத் திணித்தார்கள் என்று. வரலாறு அப்படி நடக்கவில்லை. பல பழைய அரங்கங்களைத் தூக்கி நிறுத்தியதே சைக்கிள் பந்தயம்தான்.

நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆறு நாள் பந்தயம் நடந்தது. தனியாள் இரவும் பகலும் ஓட்டி உருக்குலைவதைப் பார்த்து, ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. 1899 முதல் இருவர் இருவராக மாறி மாறி ஓட்டினார்கள். இன்று ஒலிம்பிக்கில் இருக்கும் மேடிசன் பந்தயம் அதன் வழி வந்ததுதான். ஆண்களுக்கு 2000இல் சேர்த்தார்கள், 2012இலும் 2016இலும் இல்லை, டோக்கியோவில் பெண்களுக்கும் சேர்த்துத் திரும்ப வந்தது.

பாரிஸில் வெலோட்ரோம் திவேர் என்றொரு குளிர்கால அரங்கம் 1910இல் வந்தது. வெலோட்ரோம் என்றால் சைக்கிள் டிராக் அரங்கம். 1924 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை, வாள்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல் எல்லாம் அந்த சைக்கிள் அரங்கில்தான் நடந்தன. பல்நோக்கு என்பதற்கு அதைவிடப் பழைய நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த அரங்கத்தைப் பற்றி எழுதிவிட்டு இதோடு நிறுத்த முடியாது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீஸ் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 13,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்தது. அதில் குழந்தைகள் இருந்த குடும்பங்களை அந்த அரங்கத்துக்குள் நாள்கணக்கில் அடைத்து வைத்து, அங்கிருந்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். 4,000க்கும் அதிகமான குழந்தைகள். கட்டிடத்தை 1959இல் இடித்துவிட்டார்கள். பிரான்ஸில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் முதலில் சைக்கிள் நினைவுக்கு வராது. வரவும் கூடாது.

மார்ச் 8

"அப்படியானால் பெர்சியில் ஏன் டிராக் இல்லை?" நல்ல கேள்வி.

பாரிஸின் பெர்சி அரங்கம் 1984இல் திறந்தபோது உள்ளே சைக்கிள் டிராக் இருந்தது, ஆறு நாள் பந்தயமும் அங்கே திரும்ப வந்தது. இன்று அது இல்லை. 2024 ஒலிம்பிக்கில் பெர்சியில் ஜிம்னாஸ்டிக்ஸும் கூடைப்பந்தும் நடந்தன. டிராக் சைக்கிள் போட்டிகள் நகரத்துக்கு வெளியே, 2014இல் திறந்த சான் கான்தான் ஆன் இவ்லின் வெலோட்ரோமில் நடந்தன. மெல்போர்னில் வேறு வழி பார்த்தார்கள். 2000இல் டென்னிஸ் வளாகத்துக்குள் திறந்த பல்நோக்கு அரங்கில் நகரும் கூரை, 250 மீட்டர் டிராக், அதன்மேல் இழுத்து மூடும் இருக்கைகள். 2004, 2012 உலகப் போட்டிகள், 2006 காமன்வெல்த் போட்டிகள் அங்கே நடந்தன. பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை. ஆனால் இருக்கையை இழுத்து மூடிய நாளில் டிராக்கில் யாரும் ஓட்ட முடியாது. பயிற்சி என்பது வாரத்துக்குப் பல நாள், அதே நேரத்தில், இடைவிடாமல் நடந்தால்தான் பயிற்சி.

இதை எழுதும்போது என் நிலைப்பாடு கொஞ்சம் குறுகுகிறது. கச்சேரியும் பெரிய கூடைப்பந்துப் போட்டியும்தான் அரங்கத்தின் முதல் தொழில் என்றால் அங்கே டிராக் வேண்டாம். தினமும் ஊரார் வந்து ஆடுவதுதான் முதல் தொழில் என்றால் டிராக்கைப் போல அந்த இடத்துக்குப் பொருந்துவது வேறு இல்லை.

மார்ச் 11

பொருந்தி வந்த இடங்களைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தின் அப்பல்டோர்னில் 2008இல் திறந்த ஆம்னிஸ்போர்ட். 250 மீட்டர் சைக்கிள் டிராக், அதற்குள்ளேயே 200 மீட்டர் தடகள ஓடுபாதை, பக்கத்து மண்டபத்தில் கைப்பந்து. 2011லும் 2018லும் உலக டிராக் சைக்கிள் போட்டி நடந்த அதே மண்டபத்தில்தான் 2025 மார்ச்சில் ஐரோப்பிய உள்ளரங்கத் தடகளப் போட்டியும் நடந்தது.

ஒன்றுக்குள் ஒன்று எப்படி அடங்குகிறது? 200 மீட்டரை ஓடுபாதையின் உள்வரியில் அளக்கிறார்கள். ஆறு வரி போட்டால் வெளிவிளிம்பு சுமார் ஐந்தரை மீட்டர் தள்ளிப் போகும், சுற்றளவு 235 மீட்டரை நெருங்கும். சைக்கிள் டிராக்கின் கருப்புக் கோட்டில் இருந்து உள்ளே வந்தால், நீலப் பட்டையையும் கழித்தபின் சுற்றளவு 244 போல வரும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது ஒன்றரை மீட்டர்கூட இல்லை. எட்டு வரி வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்திருந்தால் எல்லாமே கெட்டிருக்கும். சைக்கிள்காரர் விழுந்தால் உருண்டு நிற்கவும் இடம் வேண்டும் என்பதால் இரண்டு போட்டியையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. நாள் மாற்றி வைக்கலாம்.

கிளாஸ்கோவில் 2012இல் திறந்தது வேறு மாதிரி. சர் கிறிஸ் ஹோய் வெலோட்ரோமும் எமிரேட்ஸ் அரங்கமும் ஒரே கூட்டுக்கட்டிடம், ஆனால் தனித்தனி மண்டபம். 2014 காமன்வெல்த்தில் ஒன்றில் டிராக் பந்தயம், மற்றதில் இறகுப்பந்து. இங்கிலாந்தின் டெர்பியில் 2015இல் வந்த அரங்கத்தில் டிராக்கின் நடுவிலேயே இறகுப்பந்துக் களங்கள். கொரோனா காலத்தில் அதே தரையில் தடுப்பூசி போட்டார்கள்.

டெல்லி இந்திரா காந்தி வளாகத்தில் 2010 காமன்வெல்த்துக்காகக் கட்டிய மர டிராக் தனிக் கட்டிடம். 2022 ஆசிய டிராக் போட்டி அங்கே நடந்தது, ரொனால்டோ சிங் வெள்ளி வாங்கினார். இந்திய விரைவோட்டக்காரர்களின் ஒரு தலைமுறையே அந்தப் பலகையில் உருவானது. அந்த டிராக் இல்லாமல் இந்த முன்னேற்றம் வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 12

மான்ட்ரியல் உதாரணத்தை விட்டுவிட்டேன் என்கிறார்கள். 1976 ஒலிம்பிக் வெலோட்ரோம், டிராக் நீளம் 285.714 மீட்டர். ஏழு அரைச்சுற்றில் ஒரு கிலோமீட்டர் வரும்படி எடுத்த அளவு. 1992இல் அந்தக் கட்டிடம் பயோடோம் ஆனது. இப்போது அங்கே பெங்குவின்கள் இருக்கின்றன. தினமும் வருவதற்கு ஆள் இல்லாத டிராக்குக்கு என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. கேள்வி கேட்டவர் பக்கம் இந்த ஒரு புள்ளியை மனதார வைக்கிறேன்.

மார்ச் 16

கச்சேரி பற்றிச் சொந்த அனுபவம். இடத்தின் பெயர் வேண்டாம்.

நாங்கள் ஓட்டும் அரங்கில் ஒரு வார இறுதியில் நடுத்தளத்தில் மேடை போட்டுப் பாட்டு நிகழ்ச்சி வைத்தார்கள். டிராக்கின் மேல் யாரும் ஏறக் கூடாது என்று பேச்சு. அடுத்த பயிற்சி நாள் காலை எங்கள் பயிற்சியாளர் யாரையும் சைக்கிளைத் தொட விடவில்லை. வெள்ளைத் துணியை எடுத்து வளைவின் பலகையில் துடைத்துக் காட்டினார். துணி பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக வந்தது. புகை இயந்திரத்தின் படிவு. நீலப் பட்டையில் கேபிள் ஒட்டிய டேப்பின் பசை அப்படியே இருந்தது. ஓர் இடத்தில் குளிர்பானம் சிந்திக் காய்ந்திருந்தது.

அன்று முழுவதும் துடைத்தோம். ஆளுக்கு ஒரு பகுதி, முட்டி போட்டு, சாய்வில் தொங்கிக்கொண்டு. 45 டிகிரி வளைவில் நின்றுகொண்டு துடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அன்று கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் படிவை யாரும் கவனிக்காமல் ஒரு பதினைந்து வயதுப் பையன் முழு வேகத்தில் வளைவுக்குள் போயிருந்தால்?

நிகழ்ச்சி வைக்காதே என்று நான் சொல்லவில்லை. புகை வேண்டாம், டிராக்கை மூடு, சுத்தம் செய்யும் செலவை வாடகையில் சேர். இது எழுத்தில் இருக்க வேண்டும்.

மார்ச் 17

"மரம்தானே, வழுக்கினால் சிராய்ப்புதானே" என்று எழுதியவருக்கு: 2011 பிப்ரவரியில் மான்செஸ்டர் உலகக் கோப்பையின் கெய்ரின் என்ற விரைவோட்டப் பந்தயத்தில் மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் விழுந்தார். டிராக் பலகையின் சிம்பு ஒன்று கெண்டைக்காலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. அப்படியே எழுந்து சைக்கிளில் ஏறி மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர் யாரும் பலகைப் பராமரிப்பைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டார்.

மார்ச் 20

வெப்பத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பல்நோக்கு அரங்கில் எனக்குத் தெரிந்து மிகச் சிக்கலான பிரச்சினை இதுதான்.

சைக்கிள்காரர் எதிர்த்துப் போராடுவது பெரும்பாலும் காற்றை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 18 டிகிரியில் இருந்து 28 டிகிரிக்கு ஏற்றினால் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறையும். சாதாரண ஆளுக்கு ஒன்றுமில்லை, சாதனைக்குப் போகிறவருக்கு அது மலை. லண்டன் 2012 வெலோட்ரோமை டிராக் மட்டத்தில் 28 டிகிரி இருக்கும்படி வடிவமைத்தார்கள். 56 கிலோமீட்டர் நீளத்துக்கு சைபீரிய பைன் பட்டைகள், 3 லட்சத்துக்கும் மேல் ஆணிகள். அந்த அரங்கில்தான் 2015 ஜூனில் பிராட்லி விக்கின்ஸ் ஒரு மணி நேரத்தில் 54.526 கிலோமீட்டர் ஓட்டினார். அன்று காற்றழுத்தம் அதிகம். கொஞ்சம் குறைந்திருந்தால் இன்னும் சில நூறு மீட்டர் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். 2022 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஹனில் ஃபிலிப்போ கன்னா அந்த ஒரு மணி நேரச் சாதனையை 56.792 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனார்.

இப்போது இறகுப்பந்துக்கு வாருங்கள். 28 டிகிரியில் மூன்று செட் ஆடிப் பாருங்கள், சட்டை உடம்போடு ஒட்டிவிடும். குளிரூட்டியைப் போட்டால் காற்றோட்டம் வரும், இறகுப்பந்து எங்கோ மிதந்து போகும். நிறுத்தினால் வேர்க்கும். மரத்துக்கோ வெப்பத்தைவிட ஈரப்பதம் நிலையாக இருப்பதுதான் முக்கியம். நிறைய பேர் மூச்சும் வேர்வையுமாக வந்து போகிற இடத்தில் பலகை வீங்கும், பிறகு வறளும்போது இணைப்பில் இடைவெளி விடும்.

எங்கள் இடத்தில் கண்ட தீர்வு எளிது. சாதாரணப் பயிற்சி நாளில் வெப்பத்தை ஆடுகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி வைக்கிறார்கள். சைக்கிள்காரருக்குச் சில விநாடிகள் கூடும், பரவாயில்லை. நேரம் எடுக்கும் சோதனை நாளில் மட்டும் நடுத்தளம் காலி, வெப்பம் ஏறும்.

மார்ச் 24

கூரை. தூணே இல்லாமல் 70 மீட்டருக்கு மேல் தாண்ட வேண்டும் என்பதால்தான் இந்த அரங்கங்கள் விலை கூடுகின்றன. டென்மார்க்கின் பாலெரூப் அரங்கத்தில் 2003 ஜனவரியில் ஒட்டுமரக் கூரைச்சட்டங்கள் இரண்டு சரிந்து விழுந்தன. அன்று பெரும் பனிப்பாரமோ புயலோ இல்லை. சட்டங்கள் தாங்கியில் உட்காரும் மூலைப் பகுதியின் கணக்கில் இருந்த தவறுதான் காரணம், தேவையான பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கே இல்லை என்று பிறகு கண்டார்கள். சரிசெய்து திறந்தார்கள். 2010, 2024 உலகப் போட்டிகள் அங்கேயே நடந்தன. பல்நோக்கு அரங்கில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒலிபெருக்கியும் விளக்குச் சட்டமும் கூரையில்தான் தொங்கும். அந்தப் பாரத்தையும் சேர்த்து, வேறொரு பொறியாளரை வைத்தும் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்ச் 29

கேள்வி கேட்டவரே திரும்ப வந்து, "எல்லாம் சரி, மின்கட்டணம் யார் தருவார்?" என்கிறார்.

நடுத்தளம் தரும். டிராக்கில் ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் விட முடியாது. இறகுப்பந்து, கூடைப்பந்து, மேசைப்பந்து, முதியோர் நடைப்பயிற்சி எல்லாம் நடக்கிற அரங்கில் விளக்கு எப்படியும் எரிகிறது. அதே விளக்கில் டிராக்கும் ஓடும். தனி வெலோட்ரோமாக இருந்தால் அந்த இருபது பேர் தலையில்தான் முழுச் செலவும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பணம் நடுவில் இருந்து வருவதால், இடம் கேட்டு யார் வந்தாலும் முதலில் ரத்தாவது டிராக் வகுப்பு. ஒரு பருவம் முழுக்க வாரா வாரம் எங்களுக்கு இது நடந்தது. "இந்த ஒரு தடவை மட்டும்" என்றே ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். குழந்தைகள் வகுப்பில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு பெற்றோர்கள் சேர்ந்து போய்ப் பேசி, எந்தக் கிழமை எந்த மணி டிராக்குக்கு, யார் கேட்டாலும் மாறாது என்று எழுதி வாங்கினார்கள். வகுப்பு மறுபடி நிரம்பியது.

ஏப்ரல் 5

வரைபடம் கையில் இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று கேட்டவருக்கு.

முதலில் நடுத்தளத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். டிராக்கைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும் என்றால் அந்த வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டம் நடக்கும்போது யாரும் உள்ளே வெளியே போக முடியாது. டிராக்குக்கு அடியில் சுரங்கவழி வேண்டும். படிக்கட்டு மட்டும் போதாது, சரிவுப்பாதையும் வேண்டும். சக்கர நாற்காலியும் ஸ்ட்ரெச்சரும் திரும்பும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். இறகுப்பந்துக்கான கம்பங்களும் கூடைப்பந்துப் பலகையும் அந்த வழியாகத்தான் வரும் என்பதால் உயரத்தையும் பாருங்கள்.

அடுத்து, நடுத்தளத்துக்கும் டிராக்குக்கும் நடுவே வலை இறக்கும் வசதி. வளைவில் வரும் ஓட்டக்காரர் முன்னால் ஒரு கூடைப்பந்து உருண்டு வந்தால் அவரிடம் நிறுத்த எதுவும் இல்லை. ஆடுகிறவர்களுக்கும் இது புரிய வேண்டும், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விளக்கு டிராக் முழுக்க ஒரே அளவில் விழ வேண்டும். இறகுப்பந்துக்காரர் அண்ணாந்து பார்க்கும் இடத்துக்கு நேர்மேலே விளக்கு வேண்டாம். சைக்கிள் வைக்கும் அறை சுரங்கவழியின் உள்முனையில் இருந்தால் நல்லது. குழந்தைகளுக்கான சின்ன அளவு டிராக் சைக்கிள்களை வாங்கப் பட்ஜெட்டில் இப்போதே ஒரு வரி போடுங்கள். திறப்பு விழா முடிந்தபிறகு கேட்டால் கிடைக்காது.

வரைபடத்தில் சுரங்கவழி எந்தப் பக்கம் காட்டியிருக்கிறார்கள்? நேர்ப்பகுதிக்கு அடியிலா, வளைவுக்கு அடியிலா? சொல்லுங்கள், அதை வைத்து மேலே எழுதுகிறேன்.